புகையும் ஒரு பெருமையோ?

தருக்க நூல் கற்கத் தொடங்கும் மாணவனுக்கு ஆசிரியர் முதன்முதலிற் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. தூரத்து மலையிலே புகை தோன்றுகின்றது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆதலால் அம்மலையில் நெருப்பு உண்டு, அடுக்களையிற் போல. இவ்வாறு புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தலை அநுமானம் என்று நம் முன்னோர் வகுத்தனர். காட்டுத்தீக்கும் அடுப்புத்தீக்கும் இவ்விதி நன்கு பொருந்தும். ஆனால், இன்று நம் வீதிகளில் ஓடும் டீசல் வாகனங்களைப் பின்னின்று நோக்கி அநுமானம் செய்ய விரும்புவோர் விதியைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே கரும்புகை மிகுந்து தோன்றுமாயின், உள்ளே நெருப்புச் செவ்வையாக எரியவில்லை என்பதே முடிபு. புகை மிகுதி வலிமையின் அடையாளம் அன்று. குறைபாட்டின் அடையாளமே ஆகும்.

இச்சிறு உண்மையை நம் இளைஞர் சிலர் மறந்துவிட்டனர் போலும். பின்னால் வருபவர் முகத்தில் கரிய மேகம் ஒன்றைக் கவிழ்த்துவிட்டுப் பாய்ந்து செல்லும் வாகனத்தைப் 'பலமான இயந்திரம்' என்று போற்றும் பேச்சை இக்காலத்தில் பல இடங்களிற் கேட்கின்றோம். ஆதலின் இதனைக் குறித்துச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடைத்து.

மயிலிட்டியின் காற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்தது மயிலிட்டி. மீன்வளத்தாற் பெயர்பெற்ற துறை அது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் காரணமாக அவ்வூர் மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அத்துறை, 27 ஆண்டுகள் கழிந்து, 2017ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான் மக்களிடம் மீண்டது. புதுப்பிக்கப்பட்ட மீன்பிடித் துறைமுகம் 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டது. அதன் மூன்றாங் கட்ட வேலைகள் 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தொடக்கி வைக்கப்பட்டன.

இவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. முன்னாளில் காசநோயாளருக்கான மருத்துவமனை ஒன்று இங்கே இருந்தது. 1943ஆம் ஆண்டில் ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து கண்டறியப்படும்வரை, காசநோய்க்கு உலகெங்கும் மருத்துவர்கள் முதன்மையாக விதித்தவை ஓய்வும், நல்லுணவும், தூய காற்றுமே ஆகும். அதனாலன்றோ அத்தகைய மருத்துவமனைகளை மலைச்சாரலிலும் கடற்கரையிலும் நாட்டினர்! உப்பங்காற்று உலாவும் இக்கரை, நெஞ்சுநோயாளர் மூச்சுவிட ஏற்ற இடமென ஒருகாலத்திற் கருதப்பட்டது என்பதை இன்றைய மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இப்போது அக்கரைக்கு உயிர் மீண்டிருக்கின்றது. மீனேற்றும் லொறிகளும், பனிக்கட்டி கொண்டுவரும் பட்டா வாகனங்களும், வீடு கட்டுவோருக்குக் கல்லும் மணலும் சுமக்கும் டிப்பர்களும், கப் வாகனங்களும், உழவு இயந்திரங்களும் வந்து போகின்றன. இவை வருவது நன்றே. வாகனம் வராத துறைமுகத்தில் மீனுக்கு விலை ஏது? இருபத்தேழு ஆண்டு ஆளரவமற்றுக் கிடந்த வீதியில் வாகன ஓசை கேட்பது செவிக்கு இனிய செய்தியே. நாம் குறைகூறுவது வாகனத்தை அன்று. அவற்றுட் சில வேண்டாது கக்கும் கரும்புகையையே.

சிக்கனத்துக்காகப் பிறந்த இயந்திரம்

ருடோல்ப் டீசல் என்னும் ஜேர்மன் பொறியியலாளர் இவ்வியந்திரத்தை அமைக்க முற்பட்டதன் நோக்கமே சிக்கனம். அவர் காலத்து நீராவி இயந்திரங்கள், எரிபொருளின் ஆற்றலிற் பெரும் பங்கை வீணே வெப்பமாக இழந்தன. பத்தில் ஒரு பங்கு வேலையாக மாறினாலே பெரிது. அந்த வீணைக் குறைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்த டீசல், 1897ஆம் ஆண்டில் ஓக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயங்கும் இயந்திரத்தைக் காட்டினார். அது எரிபொருள் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வேலையாக மாற்றியது.

அதன் முறை எளிது. பெற்றோல் இயந்திரத்தில் மின்பொறி நெருப்பு மூட்டுகின்றது. டீசல் இயந்திரத்திலோ மின்பொறி இல்லை. உருளைக்குள் வந்த காற்றை ஆடுதண்டு மிக இறுக்கமாக அமுக்குகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடேறுவதை நாம் அறிவோம். அதுபோல, பதினைந்து முதல் இருபதில் ஒரு பங்காக அமுக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுகின்றது. அவ்வேளையில் 'நொசில்' என வழங்கும் நுண்டுளைக் கருவி வழியாக டீசல் பனிபோலத் தூவப்படுகின்றது. தூவிய துளிகள் தாமே பற்றி எரிகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது அளவு. ஒரு கிலோகிராம் டீசல் முற்றாக எரிய ஏறத்தாழ பதினாலரைக் கிலோகிராம் காற்று வேண்டும். உருளைக்குள் டீசலும் காற்றும் நன்கு கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவாதலால், நடைமுறையில் அதனினும் மிகுதியான காற்றே வேண்டப்படும். காற்று குறைந்து எண்ணெய் மிகுமாயின், எரியாது எஞ்சிய கரி புகையாக வெளியேறும். கறிக்கு உப்பு மிகுந்தால் உருசி கெடுவதுபோல, எண்ணெய் மிகுந்தால் எரிவு கெடும். பணம் கொடுத்து வாங்கிய எண்ணெயே கரியாகிக் காற்றிற் போகின்றது என்பதை வாகனச் சொந்தக்காரர் உணர்வாராயின், இக்கட்டுரையின் பாதி வேலை முடிந்துவிடும்.

புகையின் நிறத்தைக் கொண்டே நோயறியலாம். கரும்புகையாயின் எண்ணெய் மிகுதி, அன்றேல் காற்றுக் குறைவு: காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், நொசில் தேய்ந்து துளிகளைப் பனியாகத் தூவாது ஒழுகவிடலாம், பாரம் அளவுக்கு மீறியிருக்கலாம். நீலப்புகையாயின் இயந்திரத்தின் மசகெண்ணெய் எரிகின்றது. வெண்புகை ஓயாது வருமாயின் டீசல் எரியாமலே ஆவியாகின்றது, அன்றேல் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகின்றது. நாடி பிடித்து நோயறியும் பரிகாரியாரைப்போல, நல்ல கராச்சுக்காரர் புகையைப் பார்த்தே இவற்றைச் சொல்லிவிடுவர்.

வேண்டுமென்றே எழுப்பும் புகை

மேற்கூறியவை கவனக்குறைவால் நேர்வன. வேண்டுமென்றே எழுப்பும் புகை வேறு. டீசல் செலுத்தும் பம்பின் திருகாணியை அளவு மீறித் திருப்புதல், மின்னணுக் கட்டுப்பாட்டை மாற்றி மிகுதியான எண்ணெயைச் செலுத்துதல், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியைக் கழற்றி எறிதல், புகைக்குழாயை வெட்டி மாற்றுதல் ஆகிய வேலைகளால் புகை பெருகுகின்றது. இவற்றாற் சிறிது விசை கூடுவது உண்டு. ஆனால் அவ்விசைக்கு விலையாக இயந்திரம் அளவு மீறிச் சூடேறி ஆயுள் குன்றுகின்றது. எண்ணெய்ச் செலவும் ஏறுகின்றது.

இப்பழக்கம் ஒரு கேளிக்கையாகவே வளர்ந்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே பெரிய டீசல் பிக்கப் வாகனங்களை இவ்வாறு மாற்றி, சைக்கிளிற் செல்வோர்மீதும், சிறு கார்கள்மீதும், வீதியோரம் நிற்போர்மீதும் கரும்புகையைக் கவிழ்த்து மகிழும் கூட்டத்தார் தோன்றினர். புகையை வானளாவ எழுப்ப, ஆலைக் குழாய்போல இரு குழாய்களை நிமிர்த்தி வைத்துக்கொள்வதும் உண்டு. அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் 550,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களிலிருந்து புகைத்தடுப்புக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. நியூ ஜேர்சி மாநிலம் 2015ஆம் ஆண்டிலும், கொலராடோ மாநிலம் 2017ஆம் ஆண்டிலும் இச்செயலைத் தடைசெய்து சட்டம் இயற்றின. 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் டெக்சஸ் மாநிலத்தில், பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டிய பிக்கப் வாகனம் சைக்கிளோட்டப் பயிற்சியில் இருந்தோர்மீது புகை கக்க முயன்று, அவருள் அறுவரை மோதி வீழ்த்தியது. விளையாட்டு வினையாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பணமும் பரந்த வீதியும் படைத்த நாட்டார் செய்யும் இக்கூத்தைக் கைபேசித் திரையிற் கண்டு, ஒடுங்கிய ஒழுங்கைகளில் இரு மருங்கும் வீடுகள் நெருங்கியிருக்கும் நம் ஊரில் அதனைப் பின்பற்ற முனைவது எவ்வகையிலும் தகாது. அங்கே அகன்ற வெளியிற் கலையும் புகை, இங்கே நேரே திண்ணைக்கும் தொட்டிலுக்கும் வந்து சேர்கின்றது.

நெஞ்சினுள்ளே நிகழ்வது

டீசற் புகையிலுள்ள கரித்துகள் மிக நுண்ணியது. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோன். கரித்துகளிற் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனுக்கும் குறைந்தவை. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் பெருந்தூசியைத் தடுத்துவிடும். இந்நுண்டுகளோ அவற்றைக் கடந்து நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை செல்லும். சில குருதியிலும் கலக்கும். இதனால் இழுப்புநோய் மிகுதல், இருதயநோய், பாரிசவாதம் ஆகியன நேர இடமுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், சுரங்கத் தொழிலாளர் முதலியோரிடம் நடந்த நெடுங்கால ஆய்வுகளை ஆராய்ந்து, டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று 2012ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உறுதிசெய்தது. அதற்கு முன்னர், 1988 முதல், 'விளைக்கக்கூடியது' என்ற ஐயப்பட்டியலிலேயே அது இருந்தது.

குழந்தைகள் இத்தீங்குக்குப் பெரிதும் இலக்காகின்றனர். உடல் நிறையோடு ஒப்பிடுகையில், வளர்ந்தோரைவிட அவர்கள் மிகுந்த காற்றை உள்வாங்குகின்றனர். அவர்தம் நுரையீரல் வளர்ந்து முற்றுப்பெறவும் இல்லை. உயரம் குறைந்தவராதலால் வாகனப் புகைக்குழாயின் மட்டத்துக்கு அண்மையில் அவர்தம் மூக்கு இருக்கின்றது. காலையில் சீருடை அணிந்து வீதியோரம் நடக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் இக்கண்கொண்டு ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், ஒரு கன மீற்றர் காற்றில் நுண்டுகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என அறிவுறுத்தியது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து மாசு நம் தீவுக்கு வருவதும் உண்டு. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் காற்று மிகக் கெட்டமையால் நாடெங்கும் அரசினர் பாடசாலைகளை ஒருநாள் மூட நேர்ந்ததை மாணவர் மறந்திரார். கடல் கடந்து வரும் மாசை நாம் தனித்துத் தடுக்க இயலாது. நம் வீதியில் நாமே உண்டாக்குவதையாவது தடுக்கலாம் அன்றோ?

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

யாழ்ப்பாணத்தார்க்கு வாகனத்தை மாற்றியமைக்கும் கலை புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது நம் இயந்திரத் தொழிலாளர் கைவன்மையால் பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை ஊரெல்லாம் கற்றிருந்தது. நோயாளியும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்ணும் அவ்வாகனங்களிலேதான் மருத்துவமனை சேர்ந்தனர். வீதி முழுதும் மண்ணெண்ணெய் மணத்தது. மின்சாரமில்லா இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கின் புகையில் எம் தலைமுறையினர் படித்தனர்.

அப்புகையை எவரும் பழித்தாரில்லை, பழிக்கவும் கூடாது. அது இல்லாமையிற் பிறந்த புகை. உயிர் காக்க எழுந்த புகை. அதுபோலவே, பழைய லொறி ஒன்றை வைத்துக் குடும்பம் நடத்தும் ஏழை ஓட்டுநர், நொசில் மாற்றப் பணமின்றிச் சில மாதம் புகையோடு ஓடுவாராயின் அவரிடம் இரக்கமே கொள்ளத் தகும். அவருக்கு வழிகாட்டுவதும், கூடுமாயின் உதவுவதும் நம் கடமை. ஆனால், சீரான இயந்திரத்தைக் காசு கொடுத்துப் பழுதாக்கிப் புகைய வைப்பவர் அவ்வரிசையிற் சேர்வாரோ? முன்னது வறுமையின் புகை. பின்னது செருக்கின் புகை. இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

இன்னொன்றும் நினைவுகூரத் தக்கது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது, ஒரு சில லீற்றர் எரிபொருளுக்காக இந்நாட்டு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வரிசையில் நின்ற கால்களின் நோவு ஆறுமுன்னே, அதே எண்ணெயைக் கரியாக்கி ஊதித் தள்ளுவது நன்றி மறத்தலே ஆகும்.

சட்டமும் சான்றிதழும்

இலங்கையில் 2008ஆம் ஆண்டு நவம்பரில் மேல் மாகாணத்தில் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. புகைச் சான்றிதழ் பெற்றாலன்றி ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெற இயலாது. டீசல் வாகனமாயின், பாரமின்றி நிறுத்தி இயந்திரத்தை முழுவேகத்துக்கு முடுக்கி, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கின்றது என்று கருவியால் அளக்கின்றனர். 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில், வாகனங்களிற் சட்டத்துக்கு மாறாகப் பொருத்திய உறுப்புகளை அகற்றும் நடவடிக்கையையும் பொலிசார் மேற்கொண்டனர்.

எனினும், பரிசோதனை ஆண்டுக்கு ஒரு நாள்; ஓட்டமோ ஏனைய நாள்களெல்லாம். சோதனைக்குச் செல்லுமுன் பம்பைக் குறைத்து, சான்றிதழ் கைக்கு வந்தபின் மீண்டும் திருகிக்கொள்வாரைச் சட்டம் எங்ஙனம் தடுக்கும்? இச்சூதில் பெரிய நிறுவனங்களும் சளைத்தனவல்ல. ஜேர்மனியின் பேர்பெற்ற வொல்க்ஸ்வாகன் நிறுவனம், பரிசோதனை நடைபெறும் வேளையை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளைத் தன் டீசற் கார்களிற் பொருத்தியது. 2015ஆம் ஆண்டில் அது வெளிப்பட்டபோது, உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்கள் அவ்வாறு விற்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அந்நிறுவனம் பெருந்தொகையைத் தண்டமாக இறுத்தது.

சட்டம் உறுதியாக நடந்தால் பயன் விளையும் என்பதற்கும் சான்றுகள் உள. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகைமூட்டம் கவிந்தது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என அக்காலத்துக் கணக்குக் கூறிற்று. 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நாளடைவில் அத்தகைய மூட்டம் அந்நகரைவிட்டு அகன்றது. டில்லியில் பேருந்துகள் டீசலைக் கைவிட்டு இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும் என 1998ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. எதிர்ப்புக்கிடையிலும் 2002ஆம் ஆண்டு முடிவிற்குள் அம்மாற்றம் நிறைவேறியது.

நம் யாழ்ப்பாணத்தில் வேறொரு விந்தையையும் காண்கின்றோம். அயலவன் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டால் வழக்குமன்றம்வரை செல்லத் தயங்காதவர் நாம். ஆனால், புகை வேலி கடந்து, மதில் கடந்து, யன்னல் கடந்து, நம் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளே குடிபுகுவதைப் பார்த்தும் வாளா இருக்கின்றோம். நிலத்தின் எல்லையில் காட்டும் உறுதியிற் பாதியையாவது மூச்சின் எல்லையிற் காட்டுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வாகனம் வைத்திருப்போர் காற்று வடிகட்டியை உரிய காலத்தில் துப்புரவாக்கல் அல்லது மாற்றல் வேண்டும். செம்மண் புழுதி மிகுந்த வலிகாமத்தில் இது இன்றியமையாதது. நொசில்களைத் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதித்தலும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றாதிருத்தலும் வேண்டும். இவற்றாற் குறையும் எண்ணெய்ச் செலவு, செய்த செலவை நாளடைவில் ஈடுசெய்யும்.

இரண்டாவது, துறைமுக வாயிலிலும், சந்தையிலும், பாடசாலை முன்றலிலும் காத்துநிற்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிடல் நன்று. மீனவர் சங்கங்களும் பெற்றோர் சங்கங்களும் கூடிப் பேசினால் இதனை ஒரு கட்டுப்பாடாகவே அமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மாணவர்க்குரியது. இரண்டு சிறு வெள்ளை அட்டைகளில் வசிலினை மெல்லிதாகப் பூசி, ஒன்றைப் பாடசாலை வாயிலின் உட்புறத்திலும், மற்றொன்றை வீதியிலிருந்து தொலைவிலுள்ள மரத்தடியிலும், மழை படாதவாறு ஒரு வாரம் தொங்கவிடுக. பின்னர் உருப்பெருக்கும் கண்ணாடியால் இரண்டையும் ஒப்பிடுக. அட்டையில் ஒட்டியதைக் கண்டவர், நெஞ்சில் ஒட்டுவதையும் எண்ணிப்பார்ப்பர். நூலிற் கற்பதைவிட இது மனத்தில் ஆழப் பதியும்.

நான்காவதும் முதன்மையானதும் நம் இளம் இயந்திரத் தொழிலாளரைச் சார்ந்தது. எண்ணெயே இல்லாத காலத்தில் வாகனத்தை ஓடவைத்த பரம்பரையினர் அவர்கள். புகையைப் பெருக்குதற்குப் பெருந்திறமை வேண்டியதில்லை. திருகாணி ஒன்றைத் திருப்பத் தெரிந்தாற் போதும். தேய்ந்த பழைய இயந்திரத்தைப் புகையின்றி ஓடச் செய்வதே கைவன்மை. 'இவருடைய கராச்சிலிருந்து வெளிவரும் லொறி புகையாது' என்று ஊரார் சொல்வதைக் காட்டிலும் ஒரு தொழிலாளிக்கு வேறு விளம்பரம் வேண்டுமோ?

மயிலிட்டி மக்கள் இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்து மீட்டவை மண்ணும் கடலும் மட்டுமல்ல. அக்கரையின் காற்றையும் உடன்சேர்த்தே மீட்டனர். இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். சிதைந்த துறையைத் திரும்ப ஆழமாக்கலாம். பிள்ளைப் பருவத்திற் பழுதுபட்ட நுரையீரலைத் திரும்பப் பெறுதல் அரிது. ஆதலின், அவ்வீதியில் வாகனம் செலுத்துவோர் யாவரும், தம் பின்னே வருவதும் ஒரு குடும்பமே என்பதை நெஞ்சில் இருத்தி ஓட்டுவாராக.